நாற்பதும் நூறும்

வேன் கிளம்பும் நேரத்தில் அவள் அடுப்படியில் நின்று மனசுக்குள் எண்ணுவாள். அது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

காலை ஐந்தரை மணி. டீத்தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். பக்கத்துச் சந்தில் புருஷன் சாவியைத் திருப்புவார். டீசல் என்ஜின் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு எழுந்திருக்கும். உடனே அதன் தலையிலிருந்து 'டக் டக் டக்' என்று ஒரு வறண்ட சத்தம், சுத்தியலால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. ஒன்று, இரண்டு, மூன்று. டீத்தூளைப் போட்டபடியே எண்ணுவாள். ஒன்பதில் அந்தச் சத்தம் அடங்கும். பிறகு என்ஜின் வழவழவென்று ஓடும்.

அந்த ஒன்பது வினாடியும் மேலே எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இரும்பும் இரும்பும் வெறுமனே உரசுகின்றன. தினமும் ஒன்பது. அவளுக்குப் பல் கூசும். ஆனாலும் டம்ளரைக் கொண்டுபோய் நீட்டும்போது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எண்ணெயைப் பற்றி வாய் திறக்கும் தகுதி தனக்குப் போய்விட்டது என்பது அவள் எண்ணம்.

இத்தனைக்கும் எண்ணெய்தான் அவளுக்குச் சோறு. ஊருக்கு வெளியே வண்டி எண்ணெய் கலந்து பீப்பாயில் அடைக்கும் கம்பெனியில், பரிசோதனை அறையில் ஒன்பது வருஷமாக வேலை. கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், அதை எப்போதும் நாற்பது டிகிரியிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டி, உள்ளே முடி போன்ற துளை கொண்ட வளைந்த கண்ணாடிக் குழாய்கள். குழாயில் எண்ணெயை ஊற்றி, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு அது இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரத்தை அழுத்தி எழுத வேண்டும். சீக்கிரம் இறங்கினால் மெல்லிய எண்ணெய், நேரம் பிடித்தால் கெட்டி எண்ணெய். அவ்வளவுதான். எண்ணெய் சொட்டுறதை வேடிக்கை பார்க்கச் சம்பளமா என்று கல்யாணமான புதிதில் புருஷன் கேலி செய்திருக்கிறார். அவளோ அந்த வேடிக்கையில் சொக்கிப்போனவள். பின்னால் எரியும் விளக்கு வெளிச்சத்தில் தேன் நிறத்தில் ஒரு நூல், அறுபடாமல், அவசரப்படாமல் இறங்குவதை எத்தனை ஆயிரம் தடவை பார்த்தும் அவளுக்கு அலுக்கவில்லை.

அறையின் மறு மூலையில் இன்னொரு தொட்டி உண்டு. அது நூறு டிகிரி. அதைப் பார்த்துக்கொள்பவள் அவளைவிட ஐந்து வயது மூத்த ஓர் அக்கா. கம்பெனியில் எல்லாரும் இவளை 'நாற்பது' என்றும் அந்த அக்காவை 'நூறு' என்றும்தான் கூப்பிடுவார்கள். பட்டம் வைத்தபோது இவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. நாற்பது நாற்பது என்று வாசல் வரை கூவுகிறார்களே என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நூறு அக்கா சிரித்தாள். "உனக்கே இப்படின்னா என் கதியை நினைச்சுப் பாரு. எனக்கு மாலை போட்டுக் கூடத்துல மாட்டாத குறைதான்."

போன வருஷம் கோடைக்கு முன்னால் நடந்தது இது. வேனுக்கு எண்ணெய் மாற்ற வேண்டிய சமயம். எப்போதும் போல் புருஷன் அவளிடம்தான் கேட்டார்: "எது ஊத்தட்டும்?" அப்போது கம்பெனியில் புதிதாக ஓர் எண்ணெய் வந்திருந்தது. டின்னில் பத்து டபிள்யூ முப்பது என்று போட்டிருக்கும். அவள் தொட்டியில் அது இறங்கிய அழகே அழகு. அதையே ஊற்றச் சொன்னாள். காலையில் ஒரு சத்தம் வராது பாருங்கள் என்றாள். வரவும் இல்லை. சாவியைத் திருப்பியதும் என்ஜின் பூனை மாதிரி எழுந்தது.

அந்தக் கோடையில் அவர் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து நாற்பது பெட்டி ஏற்றிக்கொண்டு போனார். பெட்டிக்கு நூறு. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சுகள். முந்நூறு கிலோமீட்டர் பொட்டல் வெளி, அதைத் தாண்டி ஒரு நீண்ட மேடு, மேட்டுக்கு அப்பால் பண்ணை. எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் உச்சி வெயில் நடுவழியில் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருந்தால் பயமில்லை. காற்று வரும், வேனுக்குள் மாட்டிய விசிறிகள் சுற்றும். என்ஜின் நின்றால் விசிறியும் நின்றுவிடும். அந்த வெயிலில் கால் மணி நேரம் போதும்.

மேட்டுக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. என்ஜினை அணைக்காமல் காத்திருந்தபோது எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு மினுங்கியது. கேட் திறந்ததும் அணைந்தது. நிறுத்திப் பார்க்கவும் முடியாது, குஞ்சு இருக்கிறது. மேட்டில் பாதி ஏறியதும் என்ஜின் ஒரே இறுக்காக இறுகி நின்றுவிட்டது. வேறு வண்டி வர இரண்டு மணி நேரம். நாற்பது பெட்டியையும் அவரே இறக்கி, இருந்த ஒரே புளியமர நிழலில் வைத்து, கையிலிருந்த துண்டால் விசிறியிருக்கிறார். ஒன்றும் தேறவில்லை.

மூன்றாம் நாள் வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மெக்கானிக் என்ஜினைப் பிரித்துவிட்டு, எந்தப் புண்ணியவான் இந்தத் தண்ணியை ஊத்தச் சொன்னான் என்று கேட்டார். அவள் டீ டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். புருஷன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"நான்தான்," என்றார்.

அதோடு சரி. அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. என்ஜினைச் சரி செய்ததும் கடைக்குப் போய் இருப்பதிலேயே கெட்டியான எண்ணெய் கேட்டு, ஒற்றை ஐம்பது என்று போட்ட டின்னை வாங்கி வந்தார். அது போதாதென்று, எண்ணெயை இன்னும் கெட்டியாக்கும் ஏதோ ஒரு மருந்தையும் சேர்த்து ஊற்றினார். 'எது ஊத்தட்டும்?' என்று அவளைக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லி அழுது தீர்த்திருப்பாள். கேட்காமல் விட்டதற்கு அவள் என்ன செய்ய முடியும்? குஞ்சு லோடும் அன்றோடு நின்றது. கதவு, மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி என்று உயிரில்லாததாகப் பார்த்து ஏற்றினார்.

இந்தக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை பொரிப்பகத்து மேற்பார்வையாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். அறுபது பெட்டி, வருகிற வியாழக்கிழமை, அதே பண்ணை. பக்கவாட்டில் காற்று புகச் சாய்வுப் பலகை வைத்த வேன் இந்தப் பக்கத்தில் இவரிடம்தான் இருக்கிறதாம். புருஷன் வெகுநேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. புருஷனின் டின்னிலிருந்து ஒரு மருந்து பாட்டில் எண்ணெயை முந்தானையில் சுற்றி எடுத்துப்போனாள். எல்லாரும் கிளம்பிய பிறகு நூறு அக்காவிடம், உன் தொட்டியில் மூன்று எண்ணெய் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஒன்பது வருஷத்தில் அவள் அந்த மூலைக்குப் போய் உட்கார்ந்ததே இல்லை. கணக்குத் தாளில் அக்கா எழுதும் வினாடிகளைக்கூட, அது அக்கா வேலை என்று பார்க்காமல் விட்டவள்.

முதலில் போன வருஷத்து எண்ணெய். நூறு டிகிரியில் அது ஊறிச் சூடாகும் வரை காத்திருந்து அக்கா அதைக் குழாயில் இறங்க விட்டாள். அவள் கடிகாரத்தை அழுத்தினாள்.

அது இறங்கவில்லை, ஓடியது. அவள் ஆசை ஆசையாகப் பார்த்திருந்த தேன்நூல் எங்கே? நிறம்கூட வெளுத்த மாதிரி இருந்தது. நூற்றிரண்டு வினாடியில் கீழ்க் கோட்டைத் தாண்டிவிட்டது.

"இங்க வந்தா எல்லாமே அடங்கி ஒடுங்கிடும்மா," என்றாள் அக்கா. "உன் பக்கத்துல வீராப்பு காட்டினதெல்லாம் என்கிட்ட தண்ணிதான்."

அடுத்து புருஷனின் ஐம்பது. நூற்றுத் தொண்ணூறு வினாடி. மூன்றாவதாகக் கம்பெனியின் பதினைந்து டபிள்யூ ஐம்பது. அவள் தொட்டியில் அது ஐம்பதைவிட எவ்வளவோ வேகம், கிட்டத்தட்டப் பாதி நேரம்தான். இங்கேயும் முந்திக்கொண்டு ஓடும் என்று நினைத்தாள். ஓடவில்லை. நூற்றுத் தொண்ணூறை நெருங்கியும் நூல் இறங்கிக்கொண்டே இருந்தது. நூற்று எண்பத்தெட்டு. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். இன்னொரு தடவை விடச் சொன்னாள். அதே நூற்று எண்பத்தெட்டு.

காலையில் இளகி ஓடுகிற ஒன்று, கொதிக்கிற சூட்டில் எப்படிக் கெட்டி எண்ணெயோடு தோளோடு தோள் நிற்கிறது? அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்கா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத இழை மாதிரி ஒன்று கலந்திருக்கிறதாம். குளிரில் சுருண்டு கிடக்கும், வழியை மறிக்காது. சூடு ஏற ஏற நீண்டு விரிந்து எண்ணெயை இழுத்துப் பிடிக்கும். டின்னில் முதல் எண் குளிருக்கு, இரண்டாவது எண் சூட்டுக்கு.

"எங்க வீட்டுக்காரர் நேர் எதிர்," என்றாள் அக்கா. "சுருண்டு படுக்கிறதுக்கு அவருக்குச் சூடு குளிருன்னு பேதமே கிடையாது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றிரண்டு, நூற்றிரண்டு என்று அந்த எண்ணே மனசுக்குள் ஓடியது. நாற்பது டிகிரி என்பது விடிகாலை என்ஜின். அந்த விடிகாலையை மட்டும் பார்த்துவிட்டு உச்சி வெயிலுக்கு எண்ணெய் சொல்லியிருக்கிறாள். பத்து அடி நடந்து இந்த மூலைக்கு வந்து கேட்டிருந்தால் நாலாயிரம் உயிர் பிழைத்திருக்கும். அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தூக்கிப்போட வைத்திருந்த மூன்று நீளக் கண்ணாடிக் குழாய்களைத் துடைத்துக் கொடுத்தாள். வாய் ஓரம் சில்லு போனவை. "வீட்டுல அவருக்குக் கண்ணால காட்டு. நம்பரைச் சொன்னா எந்த ஆம்பளை கேட்பான்?"

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து அவர் தரையில் பேப்பரை விரித்துப் படிக்கும்போது அவள் அடுப்படிக்குக் கூப்பிட்டாள். மேடைமேல் மூன்று குழாய்களும் ஒரு டப்பாவில் செருகி நின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணெய். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில், என்றோ அறுந்துபோன அவளுடைய பாசிமணி மாலையின் கண்ணாடி மணிகள்.

"இது என்ன, ஸ்கூலா நடத்தப் போறே?" என்றார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க. இது உங்க ஐம்பது. இது பதினஞ்சு ஐம்பது."

மூன்றாவது எது என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முதல் இரண்டிலும் ஒரே சமயத்தில் மணியைப் போட்டாள். ஐம்பதில் மணி யோசித்து யோசித்து இறங்கியது. மற்றதில் அது அடியைத் தொட்டபோது, ஐம்பதின் மணி பாதி வழியில் இருந்தது.

"பார்த்தியா," என்றார் அவர். அவர் குரலில் ஒரு கடுமை ஏறியது. "அது தாங்காது. என்னோடது நின்னு தாங்கும்."

அவள் குழாய்களை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உயரமான பாத்திரத்துக்குள் இறக்கினாள். இருவரும் ஆவியைப் பார்த்தபடி நின்றார்கள். வெகுநாளைக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில் நின்றார்கள். கால் மணி நேரம் கழித்து, கைப்பிடித் துணியால் குழாய்களை எடுத்து நிறுத்தி மணிகளை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே போடுங்க."

போட்டார். டிங். ஒரே சத்தம். இரண்டு மணியும் ஒன்றாக அடியைத் தொட்டிருந்தன.

அவர் குனிந்து குழாயின் அடியைப் பார்த்தார். திரும்ப இரண்டு மணி எடுத்துப் போட்டார். டிங். சூடு ஆறிவிட்டதோ என்று மறுபடி பாத்திரத்தில் வைக்கச் சொல்லிக் காத்திருந்து போட்டார். டிங். நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்டார். வாயைத் திறந்தபடி நின்ற அந்த முகத்தைப் பார்க்க, அவளுக்கு முதன்முதலில் தன் தொட்டியின் முன் நின்ற நாள் ஞாபகம் வந்தது.

"அப்ப வெயில்ல ரெண்டும் ஒண்ணுதானா?"

"வெயில்ல ஒண்ணுதான். காலையிலதான் வேற. உங்களோடது மேல ஏறிப் போறதுக்குள்ள என்ஜின் தலை காய்ஞ்சிடுது. இன்னும் கெட்டி பண்ண மருந்து வேற."

பிறகு அவளே மூன்றாவது குழாயை முதலிரண்டின் பக்கத்தில் நகர்த்தினாள். மூன்றிலும் மணிகள் விழுந்தன. மூன்றாவதன் சத்தம் ஓர் இமைப்பு முன்னால் வந்தது. அந்த ஓர் இமைப்பு அந்த அடுப்படி முழுவதும் கேட்டது.

"இது போன வருஷம் நான் சொன்னது," என்றாள். "இதை நான் சூட்டுல பார்க்கவே இல்லைங்க. என் தொட்டியில மட்டும் பார்த்துட்டுச் சொல்லிட்டேன்."

அவர் அந்தக் குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"விளக்கு எரிஞ்சப்ப நிறுத்தாம ஓட்டினது நான்தானே," என்றார். "நிறுத்தினா குஞ்சு போயிடும்னு ஓட்டினேன். ஓட்டினதால போச்சு. அதைத் தினமும் நினைக்கிறேன். நீ சொன்ன எண்ணெய்னு ஒருநாளும் நினைக்கலை."

குழாயை வைத்துவிட்டு வெளியே போனார். சற்று நேரத்தில் சந்திலிருந்து, புதன்கிழமை நீ சீக்கிரம் வர முடியுமா, டின் பிடிக்க ஆள் வேணும் என்று குரல் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வேனைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அவர் அடியில் படுத்தார். நட்டைக் கழற்றியதும் அந்த ஐம்பது பிரிய மனசில்லாத விருந்தாளி மாதிரி தடித்து, கறுத்து, இழுத்து இழுத்து இறங்கியது. கடைசிச் சொட்டு வரைக்கும் காத்திருந்தார்கள். பில்டரை மாற்றினார். புது எண்ணெயை அவள்தான் ஊற்றினாள். புனலில் அது மடிந்து மடிந்து இறங்கியதைப் பார்த்துக்கொண்டே, நாளைக்கு நானும் வரேன் என்றாள். லீவு சொல்லிட்டேன் என்றாள். அவர் அளவுக் கம்பியைத் துடைத்து இரண்டு கோடுகளுக்கு நடுவே எண்ணெய் ஏறியிருப்பதைப் பார்த்து, உன் குழாய் மாதிரியே இதுக்கும் ரெண்டு கோடு என்றார்.

வியாழன் விடியலில் பொரிப்பகத்தின் வாசலில் அறுபது பெட்டிகளை ஏற்றினார்கள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகள். உள்ளே ஆறாயிரம் குரல். அது சத்தமாகவே இல்லை, தகரக் கூரையில் விடாமல் பெய்கிற மழை மாதிரி இருந்தது. அவள் ஓர் ஓட்டையில் விரலை வைத்தாள். உள்ளிருந்து ஒரு மூக்கு வந்து லேசாகக் கொத்தியது. வழியெல்லாம் அந்த மழை பின்னால் பெய்துகொண்டே வந்தது. அது குறைந்தால்தான் பயப்பட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார்.

பத்து மணிக்கெல்லாம் பொட்டல் வெளி வெள்ளையாகிவிட்டது. தூரத்தில் தார்ரோடு நனைந்த மாதிரி பளபளத்து, கிட்டே போகப் போக விலகிக்கொண்டே இருந்தது. ஒரு மரமில்லை, ஒரு பறவையில்லை. ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுட்டது. காற்றும் நெருப்புதான், ஆனாலும் காற்று. இவ்வளவு பெரிய வெயிலுக்குள் இவ்வளவு சின்ன வேன். காலடியில் ஐந்தாறு லிட்டர் எண்ணெய். எங்கோ இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே முடியைவிட மெல்லிசாக ஒரு படலம். அந்தப் படலத்தின் மேல்தான் ஆறாயிரம் உயிரும் அவர்கள் இரண்டு பேரும் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

பன்னிரண்டரைக்கு அந்த கேட் வந்தது. மூடியிருந்தது.

அவர் கியரை விலக்கினார். என்ஜின் மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றியது. சூடேறிய என்ஜின் இப்படி நிதானமாகச் சுற்றும்போதுதான் எண்ணெயின் அழுத்தம் இருப்பதிலேயே குறையும். போன வருஷம் இதே இடத்தில்தான். சிவப்பு விளக்கு இருக்கும் இடத்தை அவர் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். கேட்டையே பார்த்தார். கழுத்தில் வியர்வை கோடாக இறங்கியது.

"கையை எடுங்க," என்றாள்.

"எரியுதா?"

"நீங்க மூடிட்டு என்னைக் கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் எடுக்கவில்லை. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல நகர்த்தினாள். விரலுக்குக் கீழே விளக்கு கறுப்பாகக் கிடந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். ஐந்து நிமிஷம். எட்டு. ரயில் வந்தது, சரக்கு ரயில், முடிவதாக இல்லை. பின்னால் மழை விடாமல் பெய்தது, விசிறிகள் சுற்றின. பதினொரு நிமிஷம் கழித்து கேட் தூக்கிக்கொண்டபோதும் விளக்கு கறுப்பாகவே இருந்தது. அவள் பிடித்த மணிக்கட்டை விடவில்லை. அவர் அந்தக் கையாலேயே கியரைப் போட்டார்.

மேட்டில் என்ஜின் முக்கி முனகி ஏறியது. புளியமரம் வந்தபோது அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் ஒரு கணம் தலையைத் தாழ்த்தினார். மரம் கடந்து போயிற்று.

பண்ணையில் நீளக் கொட்டகை. தரையெங்கும் உமி, வரிசையாகத் தண்ணீர்க் குடுவைகள். பெட்டியைத் திறந்து கவிழ்த்ததும் மஞ்சளாக உருண்டு விழுந்து, தடுமாறி எழுந்து, எல்லாம் ஒரே திசையில் தண்ணீருக்கு ஓடின. ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கத் திறக்கக் கொட்டகைத் தரை நிறம் மாறிக்கொண்டே போயிற்று. அறுபதாவது பெட்டி வரை அவரே திறந்தார். கடைசிப் பெட்டியில் அடிமூலையில் ஒன்று எழாமல் கிடந்தது. உள்ளங்கையில் எடுத்து, குடுவையில் அதன் மூக்கை நனைத்தார். அது தலையை உதறிவிட்டு அவர் கையிலிருந்து குதித்து ஓடியது. அவர் கையை அப்படியே நீட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வேனின் நிழலில் தண்ணீர் குடித்தார்கள். அணைத்த என்ஜின் ஆறும்போது 'டிக், டிக்' என்று எங்கோ சின்னதாக ஒலித்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இன்னிக்குக் காலையில எத்தனை வந்துச்சு?"

"எது எத்தனை?"

"தினம் அடுப்படியில எண்ணுவியே."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல் வழியாத் தெரியும். உன் உதடு அசையும். ஒன்பதுல நிக்கும்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் சீட்டுல உட்கார்ந்து எண்ணுவேன். எனக்கும் ஒன்பதுதான் வரும். நீ வந்து சொல்லுவியான்னு பார்ப்பேன். டீயை மட்டும் கொடுத்துட்டுப் போயிடுவே."

கொட்டகைக்குள் ஆறாயிரம் குரலும் ஒன்றாக எழுந்து அடங்கின. அவள் விரல்களைக் காட்டினாள்.

"மூணு," என்றார் அவர், தலையை ஆட்டி. "எனக்கும் மூணுதான் வந்துச்சு."